சிவப்பு ஓடும், நீலம் நிற்கும்

பெற்றோர் கூட்டத்தில் மகளின் ஆங்கில நோட்டை ஆசிரியை என் முன்னால் விரித்து வைத்ததுமே அந்தப் பக்கம் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன? அதில் கைவரிசையைக் காட்டியவனே நான்தானே. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். மகள் என் நெஞ்சை ஒட்டினாற்போல் வந்து நின்றாள். பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"முதல்ல எல்லாமே சரியாத்தான் போட்டிருக்கா சார். அப்புறம் ஒண்ணுவிடாம அழிச்சிட்டு மாத்தியிருக்கா. பாருங்க, 'டைகர்' வெர்ப்பாம், 'ஸிட்' நவுனாம்!"

நான் லிஃப்ட் மெக்கானிக். இயந்திரத்தைத் திறந்தால் அசையும் பாகத்தில் சிவப்புக் கோடு, அசையாததில் நீலக் கோடு போடுவோம். ஒரு முனை சிவப்பாகவும் மறுமுனை நீலமாகவும் எழுதும் பென்சில் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். போன வாரம் மகள் நோட்டைக் கொண்டுவந்து, நவுனுக்கு நீலம், வெர்ப்புக்குச் சிவப்பு, சரியா என்று பார்க்கச் சொன்னாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் வீட்டில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நானே கட்டிவைத்த பேர் இருக்கிறதே!

"ஓடுறது வெர்ப், நிக்கிறது நவுன். இதுல என்ன இருக்கு? புலி ஓடுதா இல்லையா?"

"மிஸ் வேற மாதிரி சொன்னாங்கப்பா."

"உங்க மிஸ்ஸவிட அப்பாவுக்குத் தெரியும்."

அவள் ரப்பரை எடுத்து அழித்தாள். கோடுகளை நானே அழுத்திப் போட்டுக் கொடுத்தேன்.

"யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா, நானேதான் மாத்தினேன்னு சாதிக்கிறா," என்றார் ஆசிரியை. "இங்கிலீஷ் போட்டிக்கு இவ பேரத்தான் குடுக்க இருந்தேன். இப்படித் தானாக் குழம்புற பிள்ளைய எப்படி சார் அனுப்புறது? இன்னிக்குள்ள பேரு குடுக்கணும்."

நான்தான் மிஸ். சொல்ல வேண்டியது இந்த இரண்டே வார்த்தை. நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

"வீட்ல கொஞ்சம் கவனிங்க சார்."

"சரிங்க மிஸ்," என்றேன். இருபது வருடமாக எத்தனையோ மாடி ஏறி இறங்கியிருக்கிறேன். இவ்வளவு கீழே போனதில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பென்சில உள்ள தள்ளுங்கப்பா. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. மிஸ் பாத்துடுவாங்களோன்னு அவ்வளவு நேரமும் மறைச்சுக்கிட்டே நின்னேன்."

குனிந்து பார்த்தேன். பைக்கு வெளியே சிவப்பு முனை தெரிந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அடுத்த பெற்றோர் இன்னும் வரவில்லை. வகுப்பறைக் கதவு திறந்தே இருந்தது.