அரைச் சுரம் தள்ளி

கம்பிக்கு அந்தப் பெயர் பேஸ் கிட்டாரால் வந்தது. தடித்த நாலு கம்பிகளை மீட்டிக்கொண்டு ஆறு வருடம் ஒரு ஹார்ட் ராக் குழுவைக் கட்டி இழுத்தவர். குழு கலைந்ததும் மோட்டார் ரீவைண்டிங் கடை போட்டார். அங்கேயும் செப்புக் கம்பி சுற்றுகிற வேலைதான் என்பதால் பெயரை மாற்றவேண்டிய அவசியமே வரவில்லை. முப்பத்தொரு வருடத்தில் தலைமுடி போனது, காது மட்டும் தேறியது. மோட்டாரை மேஜைமேல் வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டால் போதும். கை வைக்காமலே பேரிங் போச்சா, காயில் கருகிச்சா என்று சொல்லிவிடுவார்.

அந்தக் காதில்தான் செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. பேசிய பெண் ஒலிப்பொறியாளர். யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தார். இவர்களுடைய இரண்டு ஆல்பங்களும் வெளிவரப்போவதாகச் சொன்னார். யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் கம்பி முதலில் நினைத்தார். வந்த புதிதிலேயே சொந்தக்காரர்கள்கூட இலவசமாகக் கேட்காத தட்டுகள் அவை.

"சார், ஒரு சந்தேகம். முதல் ஆல்பத்துல எல்லாமே அரைச் சுரம் மேல தள்ளி நிக்குது. அப்படி ஏத்தித்தான் ட்யூன் பண்ணீங்களா?"

"இல்லையேம்மா. சுதி பார்க்க எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு ட்யூனிங் ஃபோர்க். அது சொன்னதுதான் வேதவாக்கு."

"அப்போ ரெக்கார்டிங் அன்னிக்குக் கரண்ட்ல ஏதாவது...?"

"கரண்டா? நல்லா கேட்டீங்க. ரெண்டு நாளும் ஜெனரேட்டர்தான். எங்க ஆம்ப்ளிஃபயர் அத்தனையும் அது தலையிலதான் கட்டினோம். பாவம், முக்கி முனகிக்கிட்டு..."

வாக்கியம் பாதியில் நின்றது.

பாரம் ஏறினால் ஜெனரேட்டர் சுணங்கும். அது சுணங்கினால் அதில் ஓடுகிற டேப் மெஷினும் சுணங்கும். அப்படி மெதுவாகப் பதிந்ததை வேறோர் இடத்தில், நல்ல கரண்டில் ஓட்டினால் பாட்டு வேகமெடுக்கும். குரல் மேலே ஏறிக்கொள்ளும். எந்த மோட்டார்காரரைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இவருக்கு மட்டும் முப்பத்தொரு வருடம் தோன்றவில்லை. தோன்ற வேண்டுமென்றால் அந்தத் தட்டை ஒருமுறையாவது மறுபடி கேட்டிருக்க வேண்டும்.

"அதான் நானும் நினைச்சேன். சரியான வேகத்துக்கு இறக்கி அனுப்பறேன், கேளுங்க. எந்த வேகத்துல வெளியிடறதுன்னு நீங்களும் பாடினவரும் சேர்ந்து சொல்லணும். அவர் நம்பர் எங்களுக்குக் கிடைக்கல" என்றார் பொறியாளர்.

பாடினவனைக் குழுவில் தொண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அனுப்பிவைத்த பாட்டைக் கம்பி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டார். முதல் வரியிலேயே தொண்டை வந்து பக்கத்தில் நின்றான். ஈரக் கட்டாந்தரையில் இரும்புப் பெட்டியை இழுப்பதுபோல் ஒரு குரல். ஒத்திகை அறையில் தினமும் அவருடைய இடது தோளுக்கு அருகில் ஒலித்த குரல். இரண்டாவது பாட்டை அவர் போடவில்லை.

தட்டு அச்சாகி வந்த அன்று குழுவின் நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டது ஞாபகம் வந்தது. முள் இறங்கியதும் தொண்டை சொன்னான், "இது என் குரல் இல்லடா." கம்பிதான் சிரித்தார். "எல்லாருக்கும் அவங்கவங்க குரலை டேப்புல கேட்டா அப்படித்தான் இருக்கும். டேப் பொய் சொல்லாதுடா." அடுத்த வாரம் ஒரு பத்திரிகை எழுதியது, இடி நன்றாக இடிக்கிறது, நடுவில் ஒரு கொசு பாடுகிறது என்று. அதன்பிறகு மேடைக்குக் கீழே பையன்கள் இரண்டு கையையும் தட்டிக் கொசு அடித்துக் காட்டினார்கள். மூன்றாவது மேடையில் கம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொண்டை அதைப் பார்த்துவிட்டான். இரண்டாவது ஆல்பத்துக்கு வேறு ஆளைக் கூட்டிவந்தார்கள். அதை எல்லார் முன்னாலும் தொண்டையிடம் சொன்னது கம்பி. "உனக்குப் பாட்டு ஒத்துவராதுடா, விட்டுரு. நண்பனா சொல்றேன்." வேறு ஆளை வைத்தும் குழு ஓடவில்லை.

விசாரித்து விசாரித்து, வியாழக்கிழமை மதியம் ஒரு கண்ணாடி வெட்டும் கடைக்கு வந்து சேர்ந்தார். முன்மேஜையில் இருந்த பெண் தொண்டையின் மகள் என்று மூக்கைப் பார்த்ததுமே தெரிந்தது.

"அப்பாவோட பழைய ஃபிரெண்டும்மா. ஒண்ணா பாட்டு... குழு வெச்சிருந்தோம்."

"பாட்டா? ஆள் மாறி வந்துட்டீங்கன்னு நினைக்கிறேன் அங்கிள். பிறந்தநாள் பாட்டுக்கே வாயை மட்டும் அசைக்கிற ஆளு எங்கப்பா."

கம்பி உள்ளே போனார். தொண்டை ஒரு பெரிய கண்ணாடிப் பலகையின்மேல் குனிந்து, அளவுகோலை ஒட்டிக் கட்டரை இழுத்துக்கொண்டிருந்தான். சீரான கீச்சொலி. கோடு முடிந்ததும் விளிம்பில் ஒரு தட்டு. பலகை சொன்னபேச்சு கேட்டு இரண்டானது. பிறகுதான் நிமிர்ந்தான்.

"அடடே! கம்பி நீட்டினவன் திரும்பி வந்துட்டானா? உட்காரு. பார்த்து உட்காரு, அங்க ஒரு பீரோ கண்ணாடி இருக்கு. நீ எதையாவது உடைக்காமப் போனதா சரித்திரம் கிடையாது."

"முடியெல்லாம் எங்கடா போச்சு உனக்கு?"

"உன்னுதைத் தேடிக்கிட்டுப் போச்சு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று கம்பி ஜெனரேட்டரில் ஆரம்பித்து மூச்சுவிடாமல் சொன்னார். தொண்டை கையுறையைக் கழற்றவில்லை. கடைசியில் "போடு" என்று மட்டும் சொன்னான்.

பாட்டு ஓடியது. தொண்டையின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டில் குரல் உயரும் இடத்துக்கு முன்னால் மட்டும், தட்டில் இருந்தவன் மூச்சை இழுத்தபோது, கண்ணாடிக் கடையில் இருந்தவனும் இழுத்தான். பாட்டில் குரல் உயர்ந்தது. இவன் இழுத்த மூச்சு சத்தமில்லாமல் வெளியே போனது.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்னே."

"நீ என்ன சொன்னே?"

"டேப் பொய் சொல்லாதுன்னேன். ஜெனரேட்டர்னு யாருக்குடா தெரியும்? மன்னிச்சிடுடா."

"மெஷினை விடு. அது ஜடம். அந்தப் பத்திரிகைக்காரனையும் விடு, அவனுக்குத் தட்டுதான் தெரியும்." தொண்டை இப்போதுதான் கையுறையைக் கழற்றினான். "நீ அத்தனை வருஷம் என் பக்கத்துலயே நின்னியேடா."

கம்பி வழியெல்லாம் தயார்செய்து கொண்டுவந்ததெல்லாம் மெஷினைப் பற்றியது.

"எந்த வேகத்துல போடறதுன்னு கேக்கறாங்க" என்றார் கடைசியில்.

"இறக்கியே போடச் சொல்லு. எனக்காக இல்ல. கேக்கறவன் நல்லதைக் கேக்கட்டும்." கட்டரைத் துடைத்து வைத்துவிட்டு, "இன்னொரு தரம் போடு" என்றான்.

மூன்றாம் முறை ஓடிக்கொண்டிருந்தபோது மகள் ஓர் அளவுச்சீட்டோடு உள்ளே வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருப்பா இது? என்னமா பாடறாரு!"

தொண்டை மேஜைமேல் கிடந்த கண்ணாடித் துகள்களைத் தூரிகையால் ஓரமாகத் தள்ளினான். "அவனைக் கேளு. என்னைப் பத்தி எல்லார் முன்னாலயும் சொன்னவன் அவன்தான். இதையும் அவனே சொல்லட்டும்."

கம்பி எழுந்து நின்றார். ஜெனரேட்டரில் ஆரம்பித்தால் எளிதாகத் தப்பித்துக்கொள்ளலாம். அது பொய்யும் இல்லை.

"உங்க அப்பாம்மா. நல்லாத்தான் பாடினான். பக்கத்துலயே நின்னு கேட்ட எனக்கு அது தெரியும். நான்தான் பாடாதேன்னு சொன்னேன்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. அவள் கம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அங்கிள்?"

பாட்டு இன்னும் முடியவில்லை. அதை நிறுத்தலாமா கூடாதா என்று தெரியாமல், போனைக் கையில் ஏந்தியபடி நின்றார் கம்பி.