அம்மாவுக்குப் பதில்

மேசைக்கடியில் மண்டியிட்டு, கணினிப் பெட்டியின் முதுகை விரல் நுனியால் தடவித் துளையைத் தேடிக்கொண்டிருந்தாள் அவள். முன்பக்கத்துத் துளைகள் இரண்டிலும் புது ஹார்ட் டிஸ்க்கைக் குத்திப் பார்த்தாயிற்று. நீல விளக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கும். உள்ளே யாரோ நகத்தால் தட்டுவதுபோல டிக் டிக்கென்று கேட்கும். அப்புறம் விளக்கு செத்துவிடும்.

"முன்னாடி இருக்கிறதுக்குத் தெம்பு பத்தாது மேடம்," என்றது தோளுக்கும் காதுக்கும் நடுவில் நசுங்கியிருந்த கைபேசி. அவள் ஸ்கேன் எடுக்கும் வேலை பார்க்கும் மருத்துவமனையின் கணினிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "பழைய மெஷின் இல்லையா, பின்னாடியே சொருகுங்க. உங்க கேபிளுக்கு ரெட்டைத் தலை இருக்குமே, ரெண்டையும் சொருகணும். ஒண்ணை மட்டும் போட்டா டிஸ்க்கு மூச்சு வாங்கும்."

அந்த வார்த்தையில் அவள் விரல் ஒரு நொடி நின்றது. அம்மா நேற்று விடியற்காலை ஆறு மணிவரை மூச்சு வாங்கினாள். இப்போது கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள். நாலரைக்கு வண்டி வரும்.

"கெடைச்சதா?" என்று கதவருகில் வந்து நின்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. துக்க வீடோ கல்யாண வீடோ, எதற்கும் யாராவது ஒருவர் அதிகாரம் பண்ண வேண்டும் என்று நம்புகிறவள். "ஸ்டூடியோக்காரன் மூணு மணிக்கு மேல பிரேம் போட்டுத் தரமாட்டேங்கறான். ஒரு நல்ல படம் இல்லாத பொம்பளையா உங்கம்மா? இருபது ஆல்பத்தைப் புரட்டிட்டேன். எல்லாத்துலயும் அடுத்தவன் தோளுக்குப் பின்னாடி பாதி மூஞ்சி."

"இந்தப் பொட்டியில இருக்கு அத்தை. அண்ணன் எடுத்தது."

அத்தை அதிகாரத்தை அப்படியே விழுங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் அண்ணன் என்ற சொல் வந்தால் எல்லோருக்கும் அப்படித்தான். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பெருமழையில் பைக்கோடு போனவன். இருபத்துமூன்று வயது. அவன் விட்டுப்போன சட்டைகளை யார் யாரோ கொண்டுபோனார்கள். இந்தக் கணினியை மட்டும் அம்மா யாரையும் தொடவிடவில்லை. தானே துடைத்தாள், தானே போட்டாள், தானே அணைத்தாள். தினம் காலையில் அரைமணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். சீட்டு விளையாடுகிறாள் என்று அப்பா சொல்வார்.

"அந்தப் பொட்டியில கை வைக்கிறதுக்கு எனக்கே பயமா இருக்கும்," என்று முணுமுணுத்துவிட்டு அத்தை போய்விட்டாள்.

பின்பக்கத்தில் இரண்டு தலைகளும் உட்கார்ந்தன. நீல விளக்கு இந்தத் தடவை நின்று எரிந்தது. ஆனால் திரையில், இந்த டிஸ்க் எனக்குப் புரியவில்லை, அழித்துப் புதிதாக அமைக்கவா என்று ஒரு கேள்வி வந்து நின்றது.

"அமைங்க," என்றார் கணினிக்காரர். "புது டிஸ்க்கோட பாஷை அதுக்கு விளங்காது. உள்ள ஒண்ணும் இல்லையே? அப்பச் சரின்னு குடுங்க. அப்புறம் ஒண்ணு மேடம், படத்தை முதல்ல எடுத்துட்டு, அணைக்காம மொத்தத்தையும் இழுத்துப் போட்டுருங்க. அந்த வயசு மெஷினு. ஒருதரம் அணைச்சா மறுபடி எந்திரிக்குமான்னு சொல்ல முடியாது."

படம் சீக்கிரமே கிடைத்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அம்மா திரும்பிப் பார்க்கிறாள். எடுக்காதடா என்று சொல்லும் வாய். அதைக் கைபேசிக்கு மாற்றி ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்டு, மீதி எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு இழுத்துவிட்டாள். மீதமுள்ள நேரம் இரண்டு மணி பதினேழு நிமிடம் என்றது. உடனே நாற்பது நிமிடம் என்றது. பிறகு ஐந்து மணி நேரம் என்றது. இன்னதென்று தெரியாமல் உளறும் நோயாளிபோல.

எழுந்து போயிருப்பாள். கோப்புகளின் பெயர்கள் திரையில் ஓட ஆரம்பித்ததும் நின்றுவிட்டாள்.

ஒரு தேதி, அம்மா. அதே தேதி, பதில். அடுத்த தேதி, அம்மா. அதே தேதி, பதில். நூறு, இருநூறு, முடியவே இல்லை.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒன்றைத் திறந்தாள்.

'கண்ணு, நேத்து மறுபடி இடுப்பு வலி. அப்பா இன்னிக்கு லிப்டுக்காரங்க பழைய ஆளுங்க கூட்டத்துக்குப் போறாரு. தலைக்குச் சாயம் அடிச்சிட்டுப் போறாரு, சிரிப்பா இருக்கு. எனக்கு இங்க ஒண்ணும் பிடிக்கல. உன்கிட்ட வந்துரட்டுமா?'

அதன் பக்கத்தில் இருந்ததைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

'அம்மா இப்ப வேண்டாம். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க. சாப்பிட்டு மாத்திரை போடுங்க. கொசு எப்படி இருக்கா?'

கொசு. அவளை அப்படி ஒரே ஒருவன்தான் கூப்பிட்டான். எந்நேரமும் காதருகில் வந்து நொய்யென்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள் என்று அவன் வைத்த பெயர். அவன் போன பிறகு வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. கூடத்தில் யாரோ விசும்பினார்கள். இந்த அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவள் பிடரியில் மட்டும் வியர்வை சில்லென்று நின்றது.

இன்னொன்றைத் திறந்தாள். அம்மா அதே கேள்வியைக் கேட்டிருந்தாள். வந்துரட்டுமா.

'இங்க ஒரே மளை அம்மா. வர முடியாது. விட்டதும் சொல்றேன்.'

மளை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வீட்டில் எத்தனை சொல்லிக்கொடுத்தாலும் ழ வராத ஒரே ஆள் அப்பா. 'மளைக்காலம், மாடிக் கதவைச் சாத்தவும்' என்று அவர் எழுதி ஒட்டிய காகிதத்தை வைத்து அண்ணன் ஒரு மாதம் அவரை ஓட்டினான். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை நாற்பது வருடம் இறக்கிவிட்ட கை. ஸ்பானர் பிடித்த கட்டை விரல்கள். எனக்கு அந்தப் பொட்டியைப் பத்தி என்ன தெரியும் என்று நேற்றுக்கூடச் சொன்னார். இதில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தியிருக்கிறார்.

அடுத்தடுத்துத் திறந்த பதில்களிலும் மளை. வருடக்கணக்காக விடாத மளை.

அவள் பட்டியலின் அடிக்குப் போனாள். அம்மாவின் கடைசிக் கோப்பு போன செவ்வாய்க்கிழமை. அதற்கு மறுநாளிலிருந்து அம்மா கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. அந்தச் செவ்வாய்க்கும் ஒரு பதில் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பதில். முந்தாநாள், மதியம் இரண்டு மணி பத்து நிமிடம்.

திறந்தாள்.

'அம்மா, மழை விட்டுருச்சு. வாங்க. அப்பாவைக் கொசு பாத்துக்குவா.'

முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். வாங்க என்று சொல்லிவிட்டாரா? பெற்ற மகன் கூப்பிட்டதாக எழுதி, அம்மாவை அனுப்பிவிட்டாரா? எழுந்து கதவுவரை போனாள். அங்கே கால் நின்றுவிட்டது.

முந்தாநாள் மதியம் இரண்டு பத்துக்கு அப்பா அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் பிளந்திருந்தது. அவள் அம்மாவுக்குக் கரண்டியில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் குறட்டையில் அம்மா எப்படித்தான் இத்தனை வருடம் கண்ணை மூடினாள் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. வீட்டில் இருந்ததே மூன்று பேர். வெளிக்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

ஓடிவந்து திரையின் மூலையில் மணி பார்த்தாள். பழைய கணினிகளில் கடிகாரம் தப்பாக ஓடும், அது அவளுக்குத் தெரியும். திரையில் மூன்று இருபத்திரண்டு. கைபேசியிலும் மூன்று இருபத்திரண்டு. தேதியும் சரி.

அப்புறம்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அன்று மூன்றாவது வாயோ நான்காவது வாயோ ஊட்டும்போது, அம்மா கரண்டியை விட்டு முகத்தைத் திருப்பி, இந்த அறை இருக்கும் பக்கமாகக் காதைக் கொடுத்தாள்.

"விட்டுருச்சா?" என்றாள்.

"என்னம்மா?"

"மழை."

"வெளியில வெயிலு கொளுத்துதும்மா."

"ம்," என்றாள் அம்மா. அதற்குமேல் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டாள்.

அவள் எத்தனை நேரம் நின்றாள் என்று தெரியாது. பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்பா. சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

"படம் நல்லா வந்திருக்குன்னு தங்கச்சி காட்டிச்சு," என்றார். அவர் பார்வை திரையில் ஓடும் பெயர்களில் விழுந்தது. உடனே கீழே இறங்கிற்று. "என்னம்மா ஓடுது?"

"எல்லாத்தையும் டிஸ்க்குக்கு மாத்திக்கிட்டு இருக்கேன்பா."

"எல்லாத்தையுமா?"

"மளைன்னு எழுதறதுக்கு இந்த வீட்ல வேற யாருப்பா இருக்கா?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் போயி ரெண்டாவது வருசம் அவ சோத்தைத் தொடவே இல்ல. உனக்குத் தெரியும். இதுல உக்காந்து அவனுக்கு எழுதிக்கிட்டே இருப்பா. ஒருநா அவ குளிக்கப் போன நேரம் எடுத்துப் படிச்சேன். வந்துரட்டுமான்னு கேட்டிருந்தா. எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. வேண்டாம்னு ஒரு வரி தட்டி வச்சேன். குளிச்சிட்டு வந்து பாத்தா. ஒண்ணும் கேக்கல. நேரா அடுப்படிக்குப் போயி தட்டு எடுத்து வச்சா."

"அம்மாவுக்குத் தெரியுமா, நீங்கதான்னு?"

"கேட்டதில்ல. அவளும் சொன்னதில்ல. ஆனா அவ குளிக்கறதுக்கு மட்டும் வர வர ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டா." அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்துபோயிற்று. "கேட்டுக்கிட்டே இருந்தா, நானும் மறுத்துக்கிட்டே இருந்தேன். இந்தக் கடைசி மாசம் அவ பட்ட பாட்டைப் பாத்தப்பக்கூட மனசு வரலம்மா. போன செவ்வாக்கிழமைகூட வேண்டாம்னுதான் எழுதினேன். நானா அவளை வான்னு எழுதுவேன்?"

"அதுதான் கடைசியாப்பா?"

"ஆமா. அதுக்கப்புறம் அவ எந்திரிக்கவே இல்லையே. யாருக்கு எழுதறது?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவள் நினைத்தாள். டிஸ்க்கின் நீல விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பிறகு நகர்ந்து வழிவிட்டாள்.

அப்பா குனிந்து படித்தார். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை வைத்து நகர்த்தினார். மழை என்ற சொல்லில் விரல் நின்றது. திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடி அந்த எழுத்தைப் பார்த்தார்.

"நீயாம்மா?" என்றார், மிகவும் மெதுவாக.

"இல்லப்பா."

"சத்தியமா?"

"எனக்கு இதெல்லாம் இன்னிக்குத்தான்பா தெரியும்."

அவள் அந்த மதியத்தைப் பற்றி, அம்மா காதைக் கொடுத்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டதுபோல இருந்தது. அப்பா கைத்துண்டின் நுனியால் திரையில் தன் மூச்சு பட்ட இடத்தைத் துடைத்தார். அந்த மூன்று சின்ன வாக்கியங்களும் முன்னைவிடத் தெளிவாக நின்றன.

"அண்ணே, வண்டி வந்துருச்சு!" என்று கூடத்திலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். நாற்காலிகள் நகர்ந்தன. பல பேர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும் சத்தம். யாரோ அம்மாவைத் தூக்கக் கை கேட்டார்கள்.

"ஒரு நிமிசம்," என்றார் அப்பா, கதவைப் பார்க்காமல்.

கணினியின் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்தார். அது அகலமான நாற்காலி. ஒருவர் தாராளமாகச் சாய்ந்து உட்காரலாம். அப்பா அதன் இடது ஓரத்தில், பாதி இடத்தை இன்னொருவருக்கு விட்டு, ஒடுங்கி உட்கார்ந்தார்.