சூளைக்குக் கிழக்கே

நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது, நிலம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. அந்த நிலத்தில் காலம் காலமாகக் கூலிக்கு உழைத்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் கம்மாபுரம் போகும் சாலையோரத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேர் மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார்கள். மீதிப் பேர் கோபாலகிருஷ்ணனின் சுண்ணாம்புச் சூளைக்குப் போனார்கள்.

கோபாலகிருஷ்ணன் கோயம்புத்தூர்க்காரர். சுரங்க ஊழியர்களுக்காக டவுன்ஷிப்பில் எழும்பிக்கொண்டிருந்த குவார்ட்டர்ஸ் சுவர்களுக்கெல்லாம் அவர் சுண்ணாம்புதான். யாருக்கும் வேண்டாத ஈரக் கரித்தூளை வாங்கி எரித்தார். அது எரிவதை விடப் புகைவதுதான் அதிகம். தொண்டையில் கந்தகம் காந்தும். சூளைக்குக் கிழக்கே குடிசைகள், மேற்கே குவார்ட்டர்ஸ்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆனி மாதம் குடிசைப் பிள்ளைகளுக்கு இருமல் கண்டது. இரண்டு பிள்ளைகள் மூச்சு முட்டிச் செத்தார்கள். பெண்கள் திரண்டு போய்ச் சூளையை மறித்தார்கள். போலீஸ் வந்தது. பிறகு சுகாதார இலாகா டாக்டர் பார்வதியை அனுப்பியது. நோய் எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுக்கவே சென்னையில் தனியாகப் படித்தவள் அவள்.

முதல் நாளே வீராயி வழிமறித்தாள். சூளையில் கல் சுமக்கிறவள்.

"எங்க தெருவுல எட்டுப் புள்ளைங்க இருமிக்கினு கெடக்குது. இதுக்கு மேல என்னாத்த எண்ணப் போறீங்க?"

"எட்டு அதிகமா குறைச்சலான்னு எட்டை மட்டும் வச்சுச் சொல்ல முடியாதும்மா. பிள்ளைங்க நிறைய இருக்கிற தெருவில இருமலும் நிறைய இருக்கும். சூளைக்குத் தூரத்துல இருக்கிற வீடுகளையும் பார்க்கணும்."

"தூரத்துல இருக்கிறவன் வூட்டுல எதுக்குப் பாக்கணும்? சாவறது நாங்க."

கூட்டத்தில் ஒருத்தி காறித் துப்பினாள். பார்வதி கேட்காதது போல நடந்தாள்.

எப்படி எண்ண வேண்டும் என்பதைக் கடலூரில் இருந்த மேலதிகாரி வைத்திலிங்கம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். சூளையைச் சுற்றி அரை மைலுக்கு ஒரு வட்டம். வட்டத்துக்கு உள்ளே நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இருமல், வெளியே நூற்றுக்கு எத்தனை. அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கணக்குப் போட்டுப் பார்த்தபோது உள்ளுக்கும் வெளிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இல்லை என்றுதான் எழுதினாள்.

கோபாலகிருஷ்ணன் தட்டு நிறைய லட்டோடு வந்தார்.

"தப்பு எம்மேல இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்க. சந்தோசமுங்க."

"நான் அப்படி எழுதலை. வித்தியாசம் தெரியலைன்னுதான் எழுதினேன். தட்டை எடுத்துட்டுப் போங்க."

"எடுத்துக்கறனுங்க. ஆனா இனிமேல் அந்தப் பொம்பளைங்களைத் தூண்டி விடாதீங்க. தனியா இருக்கற ஆளு நீங்க." குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

அவள் எழுதியது குடிசைகளுக்கும் எட்டியிருந்தது. மறுநாள் அந்தப் பக்கம் போனவள் மேல் சாணித் தண்ணீர் வந்து விழுந்தது. யார் ஊற்றினார்கள் என்று தெரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வீராயி வாசலில் நின்று சிரித்தாள்.

நனைந்த சேலையோடு பார்வதி வேகமாகத் திரும்பி நடந்தாள். சூளையருகே வந்ததும் நின்றாள். மேற்கிலிருந்து மேல்காற்று ஊளையிட்டது. புகை மேலே போகாமல், தரையோடு படிந்து குடிசைகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ் பக்கம் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. அந்த வட்டம் குடிசைகளையும் குவார்ட்டர்ஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிழக்கையும் மேற்கையும் பிரித்துக் கணக்கிட்டாள். கிழக்கே இருமல் மேற்கைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது.

கடலூருக்குப் போய் வைத்திலிங்கத்திடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல்ல முழு வட்டம். அது உனக்குப் பிடிக்கலை. இப்ப அரை வட்டம். இதுவும் வரலைன்னா கால் வட்டமா வெட்டுவியா?"

"காற்று அந்தப் பக்கம்தானே சார் அடிக்குது?"

"எண்ணுறதுக்கு முந்தி அதைச் சொல்லியிருக்கணும். அம்பு குத்தின இடத்துல குறி வரைஞ்சா எல்லாரும் அர்ஜுனன்தான். அந்தச் சூளைக்காரரோட வக்கீல் இதைத்தான் கேட்பான். கிழக்கே இருக்கிறது சோத்துக்கு இல்லாத ஜனம், இருமத்தான் செய்யும்பான். என்ன பதில் சொல்லுவே?"

வட்டம் போடச் சொன்னவரே இதைச் சொல்கிறாரே என்று அவளுக்கு எரிந்தது. ஆனால் அவர் சொன்னதில் தவறு இல்லை. அது இன்னும் எரிந்தது.

"ஐப்பசியில கிழக்கேயிருந்து காற்று வரும்" என்றாள். "புகை மேற்கே திரும்பும். மழைக்காலத்து இருமல்னா ரெண்டு பக்கமும் கூடும். பட்டினியால வர்ற இருமல்னா கிழக்கேயே நிக்கும். புகைதான் காரணம்னா கிழக்கே குறையும், மேற்கே கூடும். எண்ணுறதுக்கு முந்தியே எழுதித் தர்றேன். கையெழுத்துப் போடுங்க."

அவள் எழுதித் தந்ததை அவர் ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வீராயியிடம் அவளே போய் இதைச் சொன்னாள். வீராயியின் மகள் செங்கமலத்துக்கு நாலு வயது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"காத்து திரும்புறவரிக்கும் எம் பொண்ணு இருமணுமா?"

"மருந்து தர்றேன். கொஞ்ச நாள் இவளைத் தூர எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க."

"கூட்டிக்கினு போனா கூலி நீ தருவியா?"

பார்வதி பையைத் திறந்தாள். மருந்தை வைத்துவிட்டு வந்தாள். தினமும் போனாள். வீராயி ஒருநாளும் முகம் கொடுக்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் செங்கமலம் செத்துப்போனாள். பார்வதி போனபோது வாசலில் கூட்டம் வழிவிட்டது. வீராயி பிள்ளையை மடியில் போட்டபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டியா? எண்ணிக்கோ."

பார்வதி எண்ணத்தான் வேண்டியிருந்தது. அன்று அதைச் செய்த கையை அவளுக்கே பிடிக்கவில்லை.

ஐப்பசியில் காற்று திரும்பியது. மழை விட்ட நாட்களில் புகை குவார்ட்டர்ஸ் ஜன்னல்களில் நுழைந்தது. பார்வதி மறுபடியும் இரண்டு பக்கமும் வீடு வீடாகப் போனாள். கிழக்கே இருமல் பாதியாகக் குறைந்தது. மேற்கே வாரத்துக்கு வாரம் ஏறியது. எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்தபடியே நடந்தது. வைத்திலிங்கம் மறு பேச்சு இல்லாமல் அறிக்கையைச் சென்னைக்கு அனுப்பினார்.

அறிக்கைக்கு அங்கிருந்து பதில் வருவதற்குள் சூளை அணைந்துவிட்டது. ஒரு எஞ்சினியரின் மகனுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. யாரோ யாரையோ டெலிபோனில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"உங்க கணக்கால இல்லீங்க" என்றார் கோபாலகிருஷ்ணன், பிரித்த சூளையின் செங்கல்லை லாரியில் ஏற்றச் செய்தபடி. "பெரிய எடத்துப் பையன் இருமிட்டான், அவ்வளவுதான். குள்ளஞ்சாவடிப் பக்கம் எடம் பாத்தாச்சு. அங்க எண்ண வர ஆள் இல்லீங்க."

அவர் அங்கே சூளை மூட்டும் முன்பே பார்வதி குள்ளஞ்சாவடிக்குப் போனாள். காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் என்று பார்த்து, எண்ணப்போகும் தெருக்களை முதலிலேயே தீர்மானித்து, வீடு வீடாக ஏறினாள். நோயே இல்லாத ஊரில் டாக்டருக்கு என்ன வேலை என்று அங்கேயும் விரட்டினார்கள். நிலத்துக்குத் தரகு பேச வந்தவள் என்றார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். அவள் முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். கணக்கின் ஒரு நகலைக் கோபாலகிருஷ்ணனுக்கே அனுப்பினாள். இன்று இந்த ஊரில் இவ்வளவுதான் இருமல், நாளைக்கு ஏறினால் யாரால் என்று கேட்க வேண்டியிராது என்று மட்டும் எழுதியிருந்தாள். அவர் நாலு வரிசைச் செங்கல் எழுப்பியதோடு நிறுத்திவிட்டுக் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தார்.

தை மாதம் ஒருநாள் வடலூர் பஸ்ஸில் பார்வதி உட்கார்ந்திருந்தாள். வழியில் வீராயி ஏறினாள். பஸ்ஸில் காலியாக இருந்தது பார்வதியின் பக்கத்து இடம் மட்டும்தான். பார்வதி ஜன்னலோரம் ஒடுங்கி இடம் விட்டாள்.

"உக்காரும்மா" என்றார் கண்டக்டர்.

"வேணாம்" என்றாள் வீராயி. கம்பியைப் பிடித்துக்கொண்டு வடலூர்வரை நின்றபடியே வந்தாள்.