அத்தான் வாங்கிய ரெக்கார்டர்

என் அக்கா புருஷனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அதிமேதாவி. அம்மாவுக்கு அது பிடிக்காது. "வீட்டு மாப்பிள்ளைய அப்படிச் சொல்லாதடி" என்று அதட்டுவாள். அதட்டுவதற்கு ஏற்ற குரல் அவளுக்கு. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லியே ஓய்வு பெற்றவள்.

அந்தக் குரல்தான் போகப்போகிறது. தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள், "அன்றாடம் பேசுறத அவங்க குரல்லயே முன்னாடி பதிவு பண்ணிக் கொடுங்க. டேப்லெட்ல பட்டனா போட்டுத் தர்றேன். அழுத்தினா அவங்களே பேசுவாங்க. முகமும் தெரிஞ்சா இன்னும் நல்லது" என்றார். நான் விளம்பரப் படங்களுக்குக் கேமரா பிடிப்பவள். என் கேமராவிலேயே எடுத்துவிடலாம் என்றேன்.

அங்கேதான் அதிமேதாவி மூக்கை நுழைத்தார்.

"கேமராவுக்குள்ள பதிவு பண்றதெல்லாம் அந்தக் காலம். வெளியில தனி ரெக்கார்டர் மாட்டணும். நான் வாங்கித் தர்றேன்."

கேபிள் கழன்றுவிடாமல் பூட்டு இருக்கிறதா, படம் சேமிக்க என்னிடம் இருக்கும் டிரைவை அது ஏற்குமா, பேட்டரி தாங்குமா என்று கடையில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பார்த்ததெல்லாம் திரை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதைத்தான். அணைத்து வைத்திருந்த திரையில் தலைமுடியைக் கோதிக்கொண்டார். அதையே வாங்கியாயிற்று.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் காலையில் வீட்டுக் கூடத்தில் விளக்குப் போட்டு அம்மாவை உட்காரவைத்தோம். ரெக்கார்டரில் படமே வரவில்லை. அவர் பேட்டரியை மாற்றினார், டிரைவை மாற்றினார், கடைசியில் என் கேமராவையே குறை சொன்னார். கேபிள் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் அழுத்திச் செருகியதும் படம் வந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே, கேபிள்னு" என்றார் மனுஷர். எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்?

எதற்கும் இருக்கட்டும் என்று கேமராவுக்குள் ஒரு கார்டு போட்டேன். அதைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு இடத்துல பதிவு பண்ணினா தரம் குறைஞ்சிடும். என்மேல நம்பிக்கை இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பதிவாகும்போது அந்தத் திரையைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும். கண்ணை உறுத்துகிறது என்று அதையும் அணைத்துவைத்தார். திரையைத் தொட்டால் பதிவு ஓடும், மறுபடி தொட்டால் நிற்கும். தொடுகிற வேலையும் அவருக்குத்தான்.

அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். "வலிக்குது, நர்ஸக் கூப்பிடு." "ஜன்னலத் திற." "சாப்ட்டியாடி?" ரயில் வருவதைச் சொல்கிற அதே நிதானம். ஒன்று முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொள்வாள், தொண்டையைத் தடவிக்கொள்வாள். நடுவில் ஃபோன் வந்ததும் அத்தான் வெளியே போனார். அம்மா வாசலைப் பார்த்துவிட்டு அவரைப் பற்றி ஒன்று சொன்னாள், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. நான் சிரித்த சிரிப்பில் கேமராவே ஆடியது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டிரைவைத் திறந்தேன். ஒரு வாக்கியம்கூட இல்லை.

அதிமேதாவி சோதித்துப் பார்க்க முதலிலேயே தொட்டு ஓடவிட்டிருக்கிறார், நிறுத்த மறந்திருக்கிறார். அம்மா பேச ஆரம்பிக்கும்போது அவர் தொட, பதிவு நின்றிருக்கிறது. பேசி முடித்ததும் தொட, ஓடியிருக்கிறது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இப்படியே தலைகீழ். இருமல் இருந்தது. "இப்ப பேசலாமா மாப்பிள்ளை?" இருந்தது. "வயர மிதிக்காதீங்க" இருந்தது. அவர் வெளியே போனபோது அம்மா சொன்னதும் இருந்தது. ஐயோ, பாவி மனுஷா! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ரெக்கார்டர்ல குறையே இல்ல பாரு, படம் எவ்வளவு துல்லியமா இருக்கு!" என்றார் அவர்.

இருந்ததையெல்லாம் வெட்டியெடுத்துக் கொடுத்தேன். பயிற்சி அம்மாள் அவற்றையே பட்டன்களாகப் போட்டுத் தந்தார். கழுத்தில் கட்டோடு அம்மா டேப்லெட்டை மடியில் வைத்திருந்தபோது அத்தான் அக்காவோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"கோளாறு அவ கேமராலதான் அத்தை. சிக்னல் ஒழுங்கா வரல. நான் அப்பவே வேற கேமரா மாத்தச் சொன்னேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, இதவிடப் பெரிய ரெக்கார்டர் ஒண்ணு வந்திருக்கு..."

அம்மா பட்டன்களின் மேல் விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். அழுத்தினாள்.

"இந்த மனுஷன் வாய மூடினா ஊர்ல பாதி சத்தம் குறையும்டி."

வார்டு முழுக்கக் கேட்டது. ரயில் நிலையக் குரல் அல்லவா? பக்கத்துக் கட்டில்காரி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். அக்காதான் முதலில் சிரித்தாள்.

"அத்தை, அது வந்து..."

அம்மா மறுபடி அழுத்தினாள். அவர் எழுந்து போயே போய்விட்டார். அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினாள்.

சிரிப்பு அடங்கியதும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ ஒரு பட்டனைத் தேட ஆரம்பித்தாள். மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள். கடைசியில் டேப்லெட்டை ஒதுக்கிவிட்டு உதட்டை மட்டும் அசைத்தாள்.

சாப்ட்டியாடி?

"சாப்ட்டேன்மா" என்றேன்.

இந்த ஒன்றுக்காக அந்த ஆளை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.