அதட்டும் கடிகாரம்

மலையாள நாட்டுத் தம்பானூரில் பரோட்டா மாஸ்டர் வேல்சாமியைப் பயந்தாங்கொள்ளி என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு அந்த ஆள் ஹோட்டல் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டான். இருபது கிலோ மைதாவை ஒற்றை ஆளாகப் பிசைந்து, கல்லுக்கு முன்னால் ஆறு மணி நேரம் நிற்கிற மனுஷன். அப்படிப்பட்டவர் இப்போது தண்ணீர்ச் செம்பைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார்.

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீடு திரும்பி ஏழு வாரம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே உடம்பைத் தேற்றுகிறவர்களுக்காக அந்த 2007-இல் ஆஸ்பத்திரியில் புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். நெஞ்சைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை, மணிக்கட்டில் ஒரு கடிகாரம். பட்டை துடிப்பை எண்ணும், கடிகாரம் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். தினமும் பொத்தானை அழுத்திவிட்டு இருபது நிமிடம் நடக்க வேண்டும். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால் கம்ப்யூட்டரில் கோடாக வரும். பிசியோதெரபி பார்க்கிற, எல்லையோரப் பாறசாலைக்காரி ரெம்யா இதையெல்லாம் தமிழும் மலையாளமுமாகப் பொறுமையாகத்தான் விளக்கினாள். துடிப்பு அளவை விட்டு விலகினால் கடிகாரம் கத்தும் என்று அவள் சொன்னதுமே வேல்சாமிக்குக் காது அடைத்துவிட்டது. மீதிக்கெல்லாம் தலையை மட்டும் நன்றாக ஆட்டினார்.

முதல் நாள், சாலை பஜாருக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டிலிருந்து இறங்கிப் பொத்தானை அழுத்தினார். பத்தடி வைத்திருக்க மாட்டார், கடிகாரம் பீப் பீப் என்று அலறியது. உயிர் போய் உயிர் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார். மனைவி பூமாரி கடிகாரத்தை நிறுத்திவிட்டு விசிறினாள். மறுநாளும் அதே கதைதான், அதற்கு மறுநாளும்.

சனிக்கிழமை ரெம்யா திரையைப் பார்த்தாள். கோடு மேசை விளிம்பு மாதிரி நேராக இருந்தது. துள்ளாமல் நல்ல பிள்ளையாக இருக்கிறதே என்று வேல்சாமிக்கு உள்ளூரப் பெருமை.

“அண்ணே, நீங்க நடக்கீங்கதானே?”

“நடக்கேன் மோளே.”

“கள்ளம் சொல்லாதீங்க. இது கட்டில்ல கிடக்க ஆளோட கோடாக்கும். அடுத்த சனியாழ்ச்சயும் இப்படித்தான்னா, வேலைக்குப் போலாம்னு லெட்டர் கிட்டாது, கேட்டோ.”

அந்த லெட்டர் இல்லாமல் முதலாளி வேதமாணிக்கம் அவரைக் கல்லுக்குப் பக்கத்தில் விடமாட்டார். தென்காசியிலிருந்து வந்த ஒருவன் தற்காலிகமாக நிற்கிறான், மாசக் கடைசிக்குள் இவர் திரும்பாவிட்டால் அவனே நிரந்தரம். வேல்சாமிக்கு வேறு தொழில் தெரியாது. வேலையும் வேண்டும், செத்துப் போகவும் பயம். அந்த வாரமும் கடிகாரம் கத்தியது, அவர் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பூமாரி ஒரு சாக்குப்பையோடு வந்து நின்றாள். அவர் ஐ.சி.யு.வில் கிடந்தபோது பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்தது, அவர் கையால் இருபத்தொரு தேங்காய்.

“நீயே உடச்சிரேன்.”

“நேர்ந்தது உங்க கைக்கு. பிள்ளையார்ட்ட போய் ஆள்மாறாட்டமா பண்ணச் சொல்லுதீங்க?”

நடக்கிற நடை வீணாகக் கூடாது என்று பொத்தானையும் அவளே அழுத்தினாள். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் ஹாரன் அடித்த அடியில் கடிகாரம் கத்தியதா, கத்தவில்லையா, ஒன்றும் கேட்கவில்லை. கோயிலில் சட்டையைக் கழற்றியதும் எல்லோர் கண்ணும் அந்தப் பட்டைமேல் விழுந்தது. “இது எந்தா?” என்று ஒருவர் கேட்டே விட்டார். “ஆஸ்பத்திரில கட்டுன தாயத்து” என்றாள் பூமாரி.

முதல் தேங்காயைக் குழந்தையைக் கீழே விடுவதுபோல விட்டார். அது உடையாமல் உருண்டு ஓடியது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்ததை ஓங்கிப் போட்டார், சிதறியது. சுற்றிலும் அத்தனை பேரும் உடைத்துக்கொண்டிருந்த சத்தத்தில் பயப்படவும் நேரமில்லை. பத்தாவது தேங்காய்க்கு, மாவு வீசிய பழைய வேகம் தோளுக்கு வந்துவிட்டது. முடித்தபோது உடம்பெல்லாம் வேர்வை. அது மாரடைப்பன்று வழிந்த குளிர்ந்த வேர்வை இல்லை, கல்லுக்கு முன்னால் நிற்கும்போது வருகிற சூட்டு வேர்வை. பூமாரி கடிகாரத்தை நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. செய்த கூத்தெல்லாம் அதில் பதிவாகியிருக்குமே!

சனிக்கிழமை ரெம்யா திரையைப் பார்த்தாள். “அண்ணே, நேத்து காலைல ஏழேகாலுக்கு என்ன செய்தீங்க?”

வேல்சாமி இரண்டு வாரக் கதையையும் கொட்டிவிட்டார். “தப்புதான் மோளே. அது கத்தியிருக்கும், அங்க இருந்த சத்தத்துல எனக்குக் கேக்கல.”

“எங்க கத்திச்சு? தேங்கா உடச்சப்ப ஒரு தரம்கூடக் கத்தல. துடிப்பு நூத்தி எட்டு. டாக்டர் போட்ட அளவுக்கு உள்ளதான். முடிச்சதும் சமத்தா இறங்கியிருக்கு பாருங்க.” அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். “மற்ற நாளெல்லாம் தொண்ணூறுக்குக் கீழ கிடந்துது. அதான் கத்திச்சு. போராது, வேகமா நடங்கன்னு. இதை முதல்நாளே சொன்னேன் அல்லே?”

வேல்சாமி திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். உட்கார் உட்கார் என்று அதட்டியதாக நினைத்தாரே, அது நட நட என்றல்லவா கெஞ்சியிருக்கிறது! இந்த நெஞ்சு உடைந்துவிட்டது என்று அவர்தான் முடிவு கட்டியிருந்தார். கண்ணில் நீர் முட்டியது. துடைக்க வெட்கப்பட்டு அப்படியே விட்டுவிட்டார்.

“லெட்டரு?” என்று கேட்டாள் பூமாரி.

“திங்கட்கிழமை டாக்டர் ஒப்பு போடுவார். முதல் மாசம் அரை ஷிப்ட் மட்டும் மதி. பின்னே அண்ணே, இனி தேங்கா உடைக்கணும்னா என்கிட்ட கேட்டுட்டு.”

வெளியே வந்ததும் வேல்சாமி பொத்தானை அழுத்தினார். பத்தடி போவதற்குள் பீப் பீப் என்று கத்தியது. பூமாரி பழக்கதோஷத்தில் உட்கார இடம் தேடினாள்.

“உக்காரச் சொல்லலட்டி, நடக்கச் சொல்லுது” என்று சொல்லிவிட்டு அவர் நடையை எட்டிப் போட்டார். ஓவர்பிரிட்ஜ் தாண்டும்போது சத்தம் நின்றிருந்தது. வேல்சாமி நிற்கவில்லை, நேரே தம்பானூர் ஹோட்டலைப் பார்த்து நடந்தார். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது பூமாரிதான்.