கைதட்டிய மூன்று நிமிடங்கள்

1

இந்தக் கதையை நான் ஒருத்தியிடமிருந்து பிடுங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக என் நடை உங்களை ஏமாற்றிவிடக்கூடும்.

கோடை விடுமுறையில் ஆறு வாரம், இளைஞர்களை அரசியல் தலைமைக்குத் தயார்செய்யும் ஃபெலோஷிப். இருபத்திரண்டு பேர். காலையில் சட்டமும் மனு எழுதுவதும். மதியம், சாப்பிட்டுக் கண் சொக்கும் நேரத்தில், மேடைப்பேச்சு. அது என் வகுப்பு.

“அவள் பிறவித் தலைவி. கண்களில் கனல்…”

(அவளைப் பற்றி முதலில் இப்படித்தான் எழுதினேன். அடித்துவிட்டேன். கனல் எல்லாம் இல்லை. தூக்கம்தான் இருந்தது.)

மற்றவர்கள் அவளை ‘மைக்செட்’ என்பார்கள். ஒருநாள் கரண்ட் போனபோது கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி பேசி முடித்தாள்; அன்று வைத்த பெயர். அம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். அப்பா இல்லை.

2

கடைசி நாள் விழாவில் ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேச வேண்டும். கவுன்சிலர்களும் பெற்றோரும் வருவார்கள். மைக்செட் எடுத்த விஷயம், அவள் தெரு முனையில் சிக்னல் இல்லாத சாலை. பதினான்கு மனுக்கள், மூன்று சாவுகள்.

“கணக்கைக் கேட்டு யாரும் அழ மாட்டாங்க. இதுல நீ எங்க இருக்கே?” என்றேன்.

கையிலிருந்த தாளை மடித்தாள்.

“மூணாவது ஆள் என் தங்கச்சிக்கா. ஒன்பது வயசு.”

அன்று பள்ளி விட்டதும் தங்கையைக் கூட்டிவர வேண்டியது இவள். கல்லூரித் தேர்தல் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு இருபது நிமிடம் நீண்டுவிட்டது. பள்ளி வாசலில் காத்திருந்து பார்த்த குழந்தை, தானே கிளம்பி வந்து அந்தச் சாலையைக் கடந்தது.

“அம்மாகிட்ட, ஸ்கூல் வாட்ச்மேன் சீக்கிரமே வெளிய விட்டுட்டார்னு சொல்லிட்டேன்க்கா. அம்மா புகார் கொடுத்தாங்க. அவருக்கு வேலை போயிடுச்சு. மூணு வருஷமாச்சு.”

3

முதல் பிரதியில் இந்தப் பகுதி இப்படி இருந்தது: “உண்மையை மேடையில் சொல்வதென்று அவளே முடிவு செய்தாள்.”

பொய்.

“ஒருநாள் லீவு கொடுங்கக்கா. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட முதல்ல சொல்லிட்டு வந்துடறேன்” என்று கேட்டாள்.

நான் சொன்னது: “வீட்டுல சொல்லிட்டா அழுகை அங்கேயே தீர்ந்துடும். மேடையில ஒண்ணும் மிஞ்சாது.”

(இந்த வாக்கியத்தை மூன்று முறை மென்மையாக்கிப் பார்த்தேன். பிறகு சொன்னபடியே வைத்துவிட்டேன்.)

4

விழா அன்று அவள் அம்மா மூன்றாம் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் மேடை ஏறியபோது பக்கத்துப் பெண்ணிடம், “என் பொண்ணு” என்றார்.

மைக்செட் பேசினாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் இறங்க வேண்டும், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. நான் அவளைப் பார்க்கவில்லை. யார் யார் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த வாட்ச்மேன் மேல எந்தத் தப்பும் இல்லை. தப்பு என்னோடது” என்றபோது அம்மா எழுந்தார்.

“வெளிய போற வழி எது?” என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டார். போய்விட்டார்.

மேடையிலிருந்து மகள் அதைப் பார்த்தாள். மீதி நாற்பது வினாடியையும் தடுமாறாமல் பேசி முடித்தாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

நானும் தட்டினேன்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அம்மா வாசலில் நிற்கிறார். மகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். (நன்றாகத்தான் வந்தது. நடக்கவில்லை.)

சிக்னல் வருகிறது, அதன் கீழே மகள் தனியாக… (சிக்னல் வந்தது உண்மைதான், நாலே மாதத்தில். மேற்கொண்டு எழுத வரவில்லை.)

வாட்ச்மேன் மன்னிக்கிறார்.

இது மட்டும் ஏறக்குறைய நடந்தது. அவள் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

“வேலை போனது போகட்டும்மா. அன்னிக்கு மணி பார்க்காம கதவைத் திறந்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மூணு வருஷமா அந்தக் குழந்தையை நான்தான் கொன்னுட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றாராம்.

உட்காரச் சொல்லவில்லை.

6

முதல் பரிசு அவளுக்குத்தான். ஒரு கவுன்சிலர் தன் அலுவலகத்தில் வேலைக்குக் கூப்பிட்டார். போகவில்லை.

போன வாரம் அவளுக்குப் போன் செய்து, இதை எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுதுங்கக்கா. ஊருக்கே சொன்னதுதானே.”

“அம்மா பேசறாங்களா?”

“இல்லக்கா. சோறு போட்டு மூடி வெச்சிட்டு தையல் மிஷின்ல போய் உட்கார்ந்துடறாங்க. நான் பேசினா மிஷினை வேகமா ஓட்டறாங்க.”

“கதையை எப்படி முடிக்கிறது?”

கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

“எங்க வீட்டுல இன்னும் முடியலையேக்கா” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். உங்களுக்கு ஏதாவது நல்ல முடிவு தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து என்னிடம் சொல்லிவிடாதீர்கள், நான் எழுதிவிடுவேன்.