தட்டியவுடன் திறவாத கதவு

...கதவு தட்டியதும் ஓடிப்போய்த் திறக்கிறாள் என்றுதான் அந்த ஆங்கில நாவலில் இருக்கிறது, நூற்று முப்பது வருஷத்துக்கு முந்திய நாவல், கடலுக்குப் போன கணவன் ஒன்பது வருஷம் கழித்து வருகிறான், ஒரு தட்டு, உடனே கதவு... எப்படி உடனே திறப்பாள்? தபால் கந்தோர் வரிசையில் நின்ற குணேஸ்வரி உறையைக் கை மாற்றிக்கொண்டாள். உள்ளே ஆறாவது அங்கம், கடைசி அங்கம். கொழும்புத் தொலைக்காட்சிக்காக அந்த நாவலைத் தமிழில் நாடகமாக்கியிருந்தாள், லண்டன் துறைமுகத்தைத் திருகோணமலையாக்கி, மூடுபனியை மாரி மழையாக்கி, நாயகிக்குப் புஷ்பவதி என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரங்களில் எழுதியது. மற்ற ஐந்தையும் புகழ்ந்த தயாரிப்பாளர் இதை மட்டும் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, நேற்றுப் பள்ளிக்கூடத்துக்கு ரெலிபோன் எடுத்திருந்தார். "டீச்சர், புஷ்பவதி கதவடியில நிண்டு 'ஆர்?' எண்டு கேக்கிறது சரிவராது. இவ்வளவு காலம் பாத்திருந்தவள் ஓடிப்போய்த் திறக்க வேணும். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கோ."

எடுக்கலாம், ஒரு சொல்தானே... ஆனால் இங்கே திருகோணமலையில் எந்த வீட்டில் தட்டியவுடன் திறக்கிறார்கள்? தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் மூதூருக்கு லோஞ்சுப் படகில் போனார் அவள் கணவர் இராசதுரை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மத்தியானத்துக்குள்ள வந்திடுவன், சோத்தை மூடி வையும் என்றார், மூன்று வருஷமாகிவிட்டது, இன்னும் வரவில்லை. நாடகத்தில் கணவன் பேசுமிடங்களில் பேனை தானாக ஓடியது, பாதியில் நிறுத்தி "விளங்குதோ?" என்று கேட்பது, கோபம் வந்தால் மட்டும் "நீங்கள்" என்று மரியாதை காட்டுவது, எல்லாம் அவருடையவை, இந்த மூன்று வருஷத்தில் அவரோடு கதைத்தது இந்த ஆறு அங்கங்களில்தான், முடிக்க மனமில்லாமல் நாலாம் அங்கத்தைத் தேவைக்கு மேல் நீட்டினாள்...

"டீச்சர், பதிவுத் தபாலோ?" கண்ணாடிக்கு அப்பால் லாபிர், அவளிடம் படித்தவன். "ஓம் தம்பி... கொஞ்சம் பொறும்."

அவர் போன ஐந்தாம் நாள், ஆமி ஊரைச் சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடிய கிழமை, நல்ல மத்தியானம், கதவு தட்டப்பட்டது. மெதுவாக மூன்று தரம். அவள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு தரம். பிறகு வெளிவேலிப் படலை சாத்தும் சத்தம். ஆமிக்காரன் அப்படித் தட்டமாட்டான் என்று அன்றைக்கே தெரியும், பக்கத்து வீட்டு றம்லாவாக இருக்கலாம், சேதி கொண்டுவந்த யாரோவாக இருக்கலாம், இல்லையென்றால்... திறக்காமல் விட்டேனே என்றுதான் இவ்வளவு காலமும் தன்னைத் தின்றுகொண்டிருந்தாள். திறக்கவே தேவையிருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டிருக்கலாம், ஒரு சொல், அதைக்கூட அவள் கேட்கவில்லை.

"என்ன டீச்சர், அனுப்புறதோ?"

"ஓம். உள்ளபடியே போகட்டும்."

லாபிர் முத்திரை ஒட்டினான். கொழும்பில் அந்தச் சொல்லை வெட்டினாலும் வெட்டுவார்கள். விட்டால் புஷ்பவதி கேட்பாள், வெளியிலிருந்து உடனே மறுமொழி வரும், அதை எழுதியவள் குணேஸ்வரிதான்... அன்றைக்குக் கேட்டிருந்தால், யாருடைய குரல் வந்திருக்கும்?